தரை உயர உயர, தலையில் இடிக்கும் கூரை!

வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில்கூடத் தெருவுக்குள் கடல்நீர் வந்து நிற்கும். இந்தோனேசியாவின் மத்திய ஜாவா மாகாணத் தலைநகர் செமாராங். அங்கே துறைமுகத்தை ஒட்டிய வடக்கு செமாராங்வாசிகளுக்கு இது பழகிப்போன விஷயம். கடல் ஏற்றத்தின்போது வரும் இந்த வெள்ளத்துக்கு 'ரோப்' என்று பெயர்.

கடல் உயர்கிறது. அதைவிட வேகமாக ஊர் இறங்குகிறது. இன்னும் இறுகாத வண்டல் மண், அதன்மேல் கட்டடங்களின் பாரம், ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சும் நிலத்தடி நீர்... சில இடங்களில் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வரை நிலம் அமிழ்கிறது. 2022 மே மாதம் துறைமுகப் பகுதியில் தடுப்புக்கரை உடைந்து, தொழிற்சாலைகளுக்குள்ளேயே கடல் புகுந்தது.

வீட்டுக்காரர்கள் மண் கொட்டித் தரையை உயர்த்துகிறார்கள். சில வருடங்களில் மறுபடி தண்ணீர், மறுபடி மண். கூரை மட்டும் அதே இடத்தில். நிலைவாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் முழங்காலுக்கு வந்துவிடும். காசிருப்பவர்கள் கூரையையும் தூக்கிக் கட்டுவார்கள். இல்லாதவர்கள்?

கிளம்பிப் போகவும் மனம் வராது. பாண்டர்ஹார்ஜோ பகுதியில் மீனைப் புகையூட்டி விற்கும் குடும்பங்களுக்கு அடுப்பும் பிழைப்பும் அங்கேதான். அந்த மீன்தான் தேங்காய்ப்பால் சேர்த்த காரமான 'மாங்குட்' குழம்பாகிறது.

பம்புகள் தண்ணீரை வெளியேற்றும். நிலம் இறங்குவதை நிறுத்தாது. அதற்கு, நிலத்தடி நீரை உறிஞ்சுவது குறைய வேண்டும். அதுவரை, பிள்ளைகளின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ சேர்த்த பணம் தரைக்கடியில் மண்ணாகப் போய்க்கொண்டிருக்கும்.