மூச்சு நிற்கும்போது பக்கத்தில் யார்

தோல் ஷாப்புக்குப் போகிறவர்களின் உடம்பு ராத்திரியில்தான் பேசும். ஈரத்தோல் தூக்கிய தோள், டிரம்மு கழுவிய முதுகு, சுண்ணாம்பில் வெந்த கை. எங்கள் ஆயா காலத்தில் வலிக்குக் கைமருந்து, மீறினால் சாராயம். இன்றைக்குப் பொடியன்கள் சிலரிடம் மாத்திரை. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடித்து ஊசியில் ஏற்றிக்கொள்வதாகச் சில ஆண்டுகளாகவே தமிழ்நாட்டில் போலீஸ் செய்திகள் வருகின்றன. ஹெராயின் செய்யும் வேலையைத்தான் இதுவும் உடம்பில் செய்கிறது. அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும். செய்தியில் பிடிபட்டவன் பெயர் வரும், செத்தவன் பெயர் வராது.

சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படிப் போனான். எனக்குத் தம்பி முறை. பெயர் வேண்டாம், சின்னம்மா இன்னும் ஷாப்புக்குப் போய்வருகிறாள். உதடு நீலம் பூத்து, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். ‘தூங்கறாண்டா, உடு’ என்றிருக்கிறான் கூட இருந்தவன். அப்புறம் மூஞ்சியில் தண்ணீர் அடித்தார்கள், எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். 108க்குப் போன் போட யாருக்கும் கை வரவில்லை. ‘வண்டி வந்தா பின்னாடியே போலீசு வரும், தெருவுல கீற புள்ளைங்க எல்லாத்தையும் அள்ளினு பூடுவான்’ என்றாள் பெரிம்மா. அவள் பயத்தில் பொய்யில்லை, சேரிக்குள் போலீஸ் எப்படி நுழையும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் ஆட்டோவில் தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் கேட்ட முதல் கேள்வி, எந்தக் காலனி என்பது. கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர் எங்களுடையது.

இந்தச் சாவுக்கு மாற்று மருந்து உண்டு. பெயர் நலாக்ஸோன். 1971லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில் போதை உட்கார்ந்த இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். தசையில் ஊசி போட்டால் சில நிமிடத்தில் மூச்சு திரும்பும். இதற்குப் போதை கிடையாது. தவறிப்போய் மற்றவனுக்குப் போட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. ஒரு மணி நேரம் போல நிற்கும், பிறகு வேகம் குறையும், ஆகவே ஆஸ்பத்திரிக்கும் போகத்தான் வேண்டும். இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், பெயரை இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள்.

கூட்டாளி, வீட்டார் என்று பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கைக்கு இது எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2023இலிருந்து மூக்கில் பீச்சும் மருந்தாகச் சீட்டில்லாமல் விற்க அனுமதி. அது பணக்கார நாடு என்பவர்கள் மணிப்பூரைப் பார்க்கலாம். போதையிலிருந்து மீண்டவர்களும் மீளாதவர்களும் அங்கே அமைப்பாகி, பயிற்சி பெற்று, இந்த ஊசியைக் கையில் வைத்துச் சக மனிதர்களைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

‘மருந்து இருக்குன்னா இன்னும் துணிஞ்சு போடுவானுங்க’ என்றார் கூட்டமொன்றில் நம் தோழர் ஒருவர். நலாக்ஸோன் போட்டால் போதை சட்டென்று அறுந்து உடம்பு முறுக்கும், வாந்தி வரும். அதற்கு ஆசைப்படுகிறவன் யார்? செத்தவனை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கவும் முடியாது. அந்தக் கேள்விக்குள் வேறொன்றும் இருக்கிறது, இவன்கள் போனால் என்ன என்பது. கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கி நம்மாட்கள் செத்தபோதும், குடித்திருந்தான் என்று சொல்லக் கேட்டவன் நான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்காவிடம், பையில் இந்த ஊசிக்கு இடமிருக்குமா என்று கேட்டேன். ‘இடத்துக்கு இன்னா, ஆர்டர் வந்தா எடுத்தாறேன்’ என்றார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்க மனு எழுதியிருக்கிறோம். அக்காவுக்குப் பயிற்சி, தெருவுக்கு நாலு பெண்களுக்குப் பயிற்சி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பு. படித்துக் காட்டியபோது பெரிம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: ஊசி போட்டவங்க மேலயும், வண்டிக்குப் போன் பண்ணவங்க மேலயும் கேஸ் போடக்கூடாது. அதை முதல் கோரிக்கையாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.