எழுத்தில்லா மொழியின் முன்

பெருமுக்கல் மலைக்குகையில் தொல்மாந்தர் பொறித்த கீறல்களைக் காணுந்தோறும் அப்பகுதி இருளர் குடிசைகளே என் நினைவில் எழும். பிலிப்பைன்சு நாட்டு மிந்தோரோத் தீவின் மங்கியான் மக்களுள் சிலர் தம் பாடல்களைத் தம் எழுத்திலேயே மூங்கிலிற் கீறி வைத்தனர். நீலகிரி இருளர்க்குத் தனிமொழி உண்டு. செக் நாட்டறிஞர் கமில் சுவலபில் அதனை ஆராய்ந்தார். ஆயினும் அதற்குத் தனியெழுத்தில்லை. நம் சமவெளி இருளரோ தமிழே பேசி, மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கன்னியம்மனைத் தொழுகின்றனர்.

பழங்குடிச் சான்றிதழ் கேட்டுச் சென்ற என் மாணவனிடம், "உன் மொழியில் பேசிக் காட்டு" என்றாராம் ஓர் அலுவலர். திகைத்துத் திரும்பியவன், "ஐயா, நான் பேசுவது தமிழ்தானே?" என்றான். அவன் பேச்சை நாளும் பிழையெனத் திருத்தி வந்த நான் தலைகுனிந்தேன். அவன் பாட்டி வழங்கும் பாம்பு, மூலிகைப் பெயர்களை இன்று அவனிடமே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.