தரையும் கூரையும்

பொருளியல் அசைன்மென்டை லேடெக்ஸில் அடிக்கும்போது நாங்க வெறும் சதுர அடைப்பைப் போட்டுவிட்டோம். சேர் சிவப்பில் சுழித்துக் கொடுத்தார். அடியில் மட்டும் மடங்கினால் தரை, மேலே மட்டும் மடங்கினால் கூரை. கட்டளையும் அப்படித்தான்: எல்ஃப்ளோர் - ஆர்ஃப்ளோர், எல்சீல் - ஆர்சீல். இந்தப் பெயரும் குறியும் கென்னத் ஐவர்சன் 1962இல் கொண்டுவந்தவை. 17.8க்குத் தரை 17, கூரை 18.

அந்த 17.8ஐக் கண்டதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நாங்க மூணு பேரும் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். கொழுந்து மடுவத்தில் தராசு முள் பதினெட்டைத் தொடப் போகும், "பதினேழு!" என்று சத்தம் வரும். சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்த பிறகுதான் இதுவும். 18 கிலோ கேட்கிற மலையில் அன்றைக்கு அரைப்பேர். அரைப்பேரை விட்டாலும், நாளுக்கு 800 கிராம் போனால் 25 நாளில் 20 கிலோ, ஒரு நாள் கொழுந்துக்கு மேலே. கடைக் கடன் கொப்பியில் மட்டும் எல்லாமே கூரை!

எங்களில் ஒருத்தி அம்மாவுக்குப் போன் எடுத்து விளக்கினாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அதுக்கு ஒரு பேரு இருக்கா புள்ள?"