ஒபர்ஹவுசன் நகரில் ஒரு குறும்பட மாலை

திரைப்படம் என்றவுடன் இரண்டரை மணி நேரம் அமர்ந்து, பாட்டும் சண்டையும் கண்டு திரும்புவதே நம்மவர் நினைவில் எழும். ஆனால், சினிமா என்னும் கலை பிறந்ததே குறும்படமாகத்தான். 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் மாநகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்று நடத்திய முதற் காட்சியில் பத்துப் படங்கள் காட்டப்பட்டன. அவற்றுள் எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. அக்குழந்தை பின்னர் நெடிது வளர்ந்துவிட்டது. எனினும், அதன் மழலையைக் கேட்க விரும்புவோர் இன்றும் உளர். அத்தகையோர் போற்றும் நகரொன்றைக் காணும் வாய்ப்பு சென்ற வசந்தகாலத்தில் எனக்குக் கிட்டியது.

ஜேர்மனியின் மேற்கே, றூர் நதியின் பெயரால் வழங்கும் தொழிற்பிரதேசத்தில் அமைந்தது ஒபர்ஹவுசன். ஊர் முதலில் தோன்றிப் புகையிரத நிலையம் பின்னர் வருவதே உலக வழக்கம். இங்கோ, 1847இல் நிலையம் முதலில் வந்தது. அருகிலிருந்த மாளிகையின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதைச் சுற்றி ஊர் எழுந்தது. நிலக்கரியும் இரும்பும் அவ்வூரை வளர்த்தன. இன்று அவை இரண்டும் இல்லை. 1992இல் நகரின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது. 2018 டிசம்பரில், அயல் நகரான பொட்ரொப்பில், ஜேர்மனியின் கடைசி நிலக்கரி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. ஆலைகளின் வாயுவைச் சேமித்து வைப்பதற்காக 1929இல் எழுப்பப்பட்ட 117 மீற்றர் உயரமான உருளைத் தொட்டி மட்டும், கண்காட்சி மண்டபமாக மாறி, பழைய காலத்தின் சாட்சியாக நிற்கின்றது.

இத்தகைய கரி படிந்த ஊருக்குக் கலைப் புகழ் எவ்வாறு வந்தது? முதியோர் கல்விக் கழகத்தின் தலைவராக இருந்த ஹில்மார் ஹொப்மன் என்பவர் 1954இல் இங்கே ஒரு குறும்பட விழாவைத் தொடங்கினார். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே சென்றிருந்தன. ஐரோப்பா இரு கூறாகப் பிளந்து கிடந்தது. அந்நாளில் கிழக்கு நாடுகளின் படங்களையும் அழைத்துக் காட்டிய இவ்விழா, ‘அயலவரிடம் செல்லும் வழி’ என்பதைத் தன் வாசகமாகக் கொண்டது. 1962 பெப்ரவரி 28ஆம் நாள், இளம் படக் கலைஞர் 26 பேர் இவ்விழாவிலேயே ஓர் அறிக்கை வெளியிட்டு, பழைய ஜேர்மன் சினிமாவின் காலம் முடிந்துவிட்டது என முழங்கினர். குறும்படம் எடுத்துப் பழகிய கைகளே பின்னர் அந்நாட்டின் திரைப்படத்தைப் புதுப்பித்தன. விழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

நிற்க. நான் அங்கு சென்றது விழாக் காண்பதற்கன்று. என் தங்கையைக் காண்பதற்கே. 1985இல் கிழக்குப் பேர்லின் வழியாக, கணவனோடும் கைக்குழந்தையோடும் ஜேர்மனி புகுந்தவள் அவள். நம்மவர் பலர் அக்காலத்தில் சென்ற வழி அது. அக்குழந்தையின் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நல்ல பிள்ளை, ஆனால், தமிழ் அவனுக்கு வாயில் தடுக்கும். எனக்கோ ஜேர்மன் மொழி சிறிதும் வராது. முதல் வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்ததே அன்றி வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மாலை, நகரின் சிறு மண்டபமொன்றில் பழைய குறும்படங்கள் காட்டப்படுவதாக அறிந்து, மூவரும் சென்றோம். ஐம்பது பேர் வரை வந்திருந்தனர். அன்று காட்டப்பட்டவற்றுள் மூன்று படங்கள் என் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை. மூன்றிலும் கதை சொல்ல வசனம் தேவைப்படவில்லை.

முதலாவது, கனடாவில் நோர்மன் மக்லாரன் 1952இல் எடுத்த ‘அயலவர்’. எட்டு நிமிடப் படம். பகைமையற்ற இரு அயலவரின் நிலங்களுக்கு நடுவே ஒரு பூ மலர்கின்றது. அது யாருக்குரியது என்ற வழக்கு எழுகின்றது. வேலி வருகின்றது, அடிதடி வருகின்றது. முடிவில் பூவும் இல்லை, அவர்களும் இல்லை. வேலிச் சண்டையில் தலைமுறைகளை இழந்த யாழ்ப்பாணத்தானுக்கு இதனை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை!

இரண்டாவது, ஒல்லாந்து நாட்டு பேர்ட் ஹான்ஸ்ட்ரா 1958இல் எடுத்த ‘கண்ணாடி’. கன்னம் புடைக்க ஊதிக் கண்ணாடிக் கலம் செய்யும் தொழிலாளரை முதலில் காண்கின்றோம். பின்னர் போத்தல் செய்யும் இயந்திரத்தைக் காண்கின்றோம். கழுத்து உடைந்த போத்தலொன்று வழியை மறிக்கின்றது. அதனை அறியாத இயந்திரம் தன் வேலையைத் தொடர, பின்வரும் போத்தல்கள் விழுந்து நொறுங்குகின்றன. எனக்கு அருகில் இருந்த முதியவர் ஒருவர் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆலைத் தொழிலாளியாக இருந்திருக்கக்கூடும் என எண்ணினேன்.

மூன்றாவது, போலந்தில் மாணவராக இருந்தபோது ரோமன் பொலான்ஸ்கி 1958இல் எடுத்த ‘இரு மனிதரும் ஓர் அலுமாரியும்’. கடலிலிருந்து இருவர் ஒரு பெரிய அலுமாரியைச் சுமந்துகொண்டு கரையேறுகின்றனர். நகருக்குள் செல்கின்றனர். டிராம் வண்டியில் இடமில்லை, உணவுச்சாலையில் இடமில்லை, விடுதியில் இடமில்லை. அலுமாரியைக் கைவிட்டால் அவர்களை ஏற்றிருப்பர், அவர்களோ கைவிடவில்லை. அடியும் உதையும் பெற்று மீண்டும் கடற்கரைக்கு வருகின்றனர். அங்கே சிறுவன் ஒருவன் மணலில் வரிசையாகக் கட்டியவற்றுள் ஒன்றையேனும் மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்து அடிவைத்து நடந்து, கடலுக்குள்ளேயே மறைகின்றனர்.

விளக்குகள் எரிந்தன. தங்கை எழுந்திருக்கவில்லை. பையன் அவளது முகத்தைச் சற்று நேரம் பார்த்திருந்தான். பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழிலே கேட்டான்:

“அம்மம்மா, அந்த அலுமாரிக்குள்ளே என்ன இருந்தது?”

படத்தில் அலுமாரி திறக்கப்படவே இல்லை. “எனக்குத் தெரியாதடா, ராசா” என்றாள் அவள். சிறிது பொறுத்து, “நான் வந்தபோது ஒரேயொரு பைதான் கொண்டுவந்தேன். அதற்குள் என்ன இருந்தது என்று சொல்லட்டுமா?” என்றாள்.

பஸ்வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். தமிழில் தொடங்குவாள், அவன் விழித்தால் ஜேர்மன் மொழியில் சொல்வாள், அவன் அச்சொல்லுக்குரிய தமிழை என்னிடம் கேட்பான். அவற்றுட் பல, உடன்பிறந்தவனாகிய எனக்கே அன்றுவரை தெரியாதவை. நாற்பது ஆண்டுகளாக நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நாம் இறங்கவேண்டிய தரிப்பிடம் வந்தது. கதை முடியவில்லை. இறங்கி, மெதுவாகவே நடந்தோம்.