பாட்டிக்கு மட்டும் புரியாத பேத்தி

வெளிநாடு போகிறவன் முதலில் 'தண்ணீர்' என்ற வார்த்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பார்கள். தப்பு. 'நல்லாத்தான் இருக்கேன்' என்பதற்கு வார்த்தை தெரிந்தால் போதும், பாதிப் பிழைப்பு ஓடிவிடும். செனகலில் ஃபுலா மொழிக்காரர்களிடம் அந்த வார்த்தை 'ஜாம் தான்'. ஜாம் என்றால் சமாதானம். 'தான்' என்றால்... சத்தியமாக நம்ம 'தான்' மாதிரியேதான், 'மட்டும்' என்று அர்த்தம். உடம்பு எப்படி? ஜாம் தான். வீட்டில்? ஜாம் தான். மாடு கன்று? ஜாம் தான். நம் ஆபீஸில் திங்கட்கிழமை காலையில் எவனாவது இத்தனை விசாரித்தால் நாம் அரை நாள் லீவ் போட்டுவிடுவோம்.

செனகல் ஆற்றங்கரையில் நெல் வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப்செட்டுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று கம்பெனி அனுப்பியிருந்தது. டாக்காரிலிருந்து செயின்ட் லூயி வழியாக போடோர் ஊருக்குப் பயணம். டிரைவர் அந்தப் பக்கத்து ஆள். பின் ஸீட்டில் அவருடைய எட்டு வயசுப் பெண், லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வருகிறாள். காரில் பாபா மால் பாட்டு. அவருக்கும் சொந்த ஊர் போடோர்தான்; உலகம் சுற்றினாலும் புலாரில் பாடுகிறவர்.

புலாரா, ஃபுலாவா என்று குழம்ப வேண்டாம். நானும் குழம்பினேன். செனகலில் இந்த மொழிக்குப் 'புலார்' என்று பெயர். கினியா மலைப்பக்கம் 'புலர்'. கிழக்கே மாலி, நைஜீரியா, கேமரூன் என்று போனால் 'ஃபுல்ஃபுல்டே'. வெள்ளைக்காரன் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டு எழுதிக்கொண்ட பெயர்கள் தனி: பிரெஞ்சுக்காரனுக்கு 'பேல்', ஆங்கிலத்தில் 'ஃபுலா', 'ஃபுலானி'. அட்லாண்டிக் கரையிலிருந்து சூடான் வரை இருபது நாடுகளுக்குக் குறையாமல் பரவியிருக்கிறார்கள். காரணம் மாடு. புல் இருக்கிற இடத்துக்கு மாடு போயிற்று, மாட்டின் பின்னால் மனுஷன் போனான், மனுஷனோடு மொழியும் போயிற்று.

"போகும்போது மொழி மாறாதா அண்ணே?" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில்.

"மாறும் சார். 'போறது'ன்றதுக்கு நாங்க 'யாஹ்டே'ம்போம். கினியாக்காரன் 'யாஹுகோல்'பான். கேமரூன்காரன் 'யாஹுகோ'ன்னு பாதியில நிறுத்திடுவான். ஆனா எல்லாரும் போய்ச் சேர்ந்துடுவோம்!"

நாகர்கோவில்காரரும் கோயமுத்தூர்க்காரரும் ஒரே கம்பார்ட்மென்ட்டில் ஏறினால் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள் அல்லவா? அந்தக் கதைதான், தூரம் மட்டும் ஜாஸ்தி. இரண்டு கோடிக்கோடிகளைச் சேர்ந்தவர்களை நேராக உட்கார வைத்தால் கஷ்டம். நடுவில் இருக்கிறவர்கள் சங்கிலி மாதிரி கோத்துக்கொள்வார்கள்.

இந்த மொழியின் குறும்பு வார்த்தையின் தலையில் இருக்கிறது. நாம் பன்மைக்கு வாலில் 'கள்' ஒட்டுவோம். அவர்கள் தலையையும் சேர்த்து மாற்றுவார்கள். ஒரு ஆள் என்றால் 'புல்லோ', பல பேர் என்றால் 'ஃபுல்பே'. ஒரு ஆண் 'கோர்கோ', பல ஆண்கள் 'வோர்பே'. ஒரு பெண் 'டெப்போ', பல பெண்கள் 'ரெவ்பே'! அகராதியில் தேடினால் ஆளே கிடைக்கமாட்டாள். அந்த 'பே'யிலும் ஒரு சூட்சுமம். மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்துச் சொல்ல வேண்டும். நான் முயற்சி செய்தேன். விக்கல் என்று நினைத்து டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இன்னொரு சங்கதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'நாம்', 'நாங்கள்' என்ற வித்தியாசம் அவர்களுக்கும் உண்டு. கேட்கிறவனையும் சேர்த்தால் 'என்', சேர்க்காவிட்டால் 'மின்'. இங்கிலீஷும் பிரெஞ்சும் திணறுகிற இடம். உடனே 'ஆஹா, பங்காளி!' என்று கிளம்பிவிடக் கூடாது. அப்படிக் கிளம்பியவர்கள் உண்டு. 1960 முதல் 1980 வரை செனகல் ஜனாதிபதியாக இருந்த கவிஞர் செங்கோருக்குத் திராவிட-ஆப்பிரிக்க உறவில் ஏக ஆசை. நம்ம க.ப. அறவாணன் அந்தக் காலத்தில் டாக்கார் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். ஆனால் மொழியியல்காரர்கள் ஃபுலாவை செரேர், வோலோஃப் மொழிகளோடுதான் சேர்க்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ஜெர்மன் பண்டிதர், மைன்ஹோஃப், இதை வடக்கத்தி மொழிக் கூட்டத்தில் சேர்த்து வைத்திருந்தார். ஆளின் நிறத்தையும் மூக்கையும் பார்த்து மொழிக்கு ஜாதகம் எழுதுகிற காலம் அது. பின்னால் அமெரிக்கர் கிரீன்பெர்க் வந்து அந்த ஜாதகத்தைக் கிழித்தார்.

போடோர் சந்தையில் எனக்கு ஒரு அவமானம். வேர்க்கடலைப் பொட்டலம் 'சப்போ' என்றாள் ஒரு அம்மாள். சப்போ என்றால் பத்து, காரிலேயே எண்ணக் கற்றுக்கொண்டாயிற்று. ஜம்பமாகப் பத்து ஃபிராங்க் நாணயத்தை நீட்டினேன். அவள் பார்த்த பார்வையில் கடலை வறுபட்டிருக்கும். அவர்கள் காசை ஐந்து ஃபிராங்க் ஒரு கணக்காக எண்ணுகிறார்களாம். பத்து என்றால் ஐம்பது! நம்ம தாத்தா கடைசி வரை ஐம்பது காசை எட்டணா என்றே சொன்ன மாதிரி.

மத்தியானம் டிரைவர் வீடு. வாசலிலேயே பாட்டி. பேத்தியை இழுத்து அணைத்துக்கொண்டு பொழிந்து தள்ளினார். பெண் முழித்தாள். வோலோஃபில் ஏதோ முனகினாள். டாக்காரில் தெருவில் வோலோஃப், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. அப்பா ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து எந்த மொழியைச் சொல்லிக் கொடுப்பார்?

பாட்டிக்குப் புலார் மட்டும்தான். டிரைவர் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மூன்றாவது கேள்வியில் அவருக்கே குரல் இறங்கிவிட்டது. பாட்டி என் பக்கம் திரும்பி நலம் விசாரித்தார். "ஜாம் தான்" என்றேன். பாட்டி கைகொட்டிச் சிரித்து மகனிடம் ஏதோ சொன்னார். அவர் மொழிபெயர்க்கவில்லை. வற்புறுத்தினேன்.

"எங்கிருந்தோ வந்தவன் பதில் சொல்றான், என் ரத்தம் சொல்ல மாட்டேங்குதுங்கறாங்க."

எனக்கு ஏண்டா வாயைத் திறந்தோம் என்றாகிவிட்டது.

பேச்சை மாற்ற ஒரு சமாசாரத்தை எடுத்துவிட்டேன். 1989-ல் கினியாவில் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்று இரண்டு சகோதரர்கள், பதினாலு வயசும் பத்து வயசும். அரபு எழுத்தும் லத்தீன் எழுத்தும் தங்கள் பாஷைக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று சொந்தமாகவே எழுத்து உண்டாக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கோடு கிறுக்கி, பிடித்த வடிவங்களைப் பொறுக்கி எடுத்தார்களாம். 'அட்லாம்' என்று பெயர். 2016-ல் யூனிகோடில் சேர்ந்து செல்போனுக்கும் வந்துவிட்டது. அந்த வயசில் நான் கண்டுபிடித்தது பரீட்சை ஹாலில் பிட் வைக்கும் இடம் மட்டுமே.

டிரைவர் கேட்டுக்கொண்டார். "எழுத்து சரி சார். பேச ஆள் வேணுமே" என்றார்.

அதற்குள் பாட்டி வேறு வழி கண்டுபிடித்திருந்தார். முற்றத்தில் கூழாங்கற்களைப் பரப்பி எண்ண ஆரம்பித்தார். கோ, திதி, ததி, நாய், ஜோய். ('நாய்' என்றால் நாலு, நான்தான் சிரித்தேன்.) ஐந்து வந்ததும் மறுபடி முதலிலிருந்து: ஐந்தும் ஒன்றும் ஆறு, ஐந்தும் இரண்டும் ஏழு என்கிற மாதிரி ஜேகோம், ஜேதிதி, ஜேததி. பெண் இதைப் பிடித்துக்கொண்டாள். தப்பு விட்டால் பாட்டி கல்லைப் பறித்துக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் கற்கள் முழுக்கப் பேத்தி மடியில்.

சாயங்காலம் பெரிய தட்டில் 'லச்சிரி'. கம்பை உருட்டி ஆவியில் வேகவைத்து மேலே புளித்த பால். கம்பங்கூழின் ஒன்றுவிட்ட சகோதரன். எல்லோருக்கும் ஒரே தட்டு. எனக்கு வயிறு கொஞ்சம் சந்தேகமாக இருந்ததால் கிணற்றடியில் கை கழுவுகிற சாக்கில் நேரம் கடத்தினேன்.

பின்னால் ஓடி வரும் சத்தம். அந்தப் பெண். என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஞாமென்!" என்றாள்.

புலாரில் சாப்பிடுவது 'ஞாம்'. கடைசியில் ஒட்டியிருக்கிற 'என்', அந்த 'நாம்'. வாங்க, நாம சாப்பிடலாம்.

தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த டிரைவர் கையில் எடுத்த உருண்டையோடு அப்படியே திரும்பிப் பார்த்தார். பாட்டி தட்டைக் கவனிக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

"வாங்க சார் சீக்கிரம்" என்றார் டிரைவர் சற்றுப் பொறுத்து. "லேட் பண்ணினா பால் பூரா அம்மா அவளுக்கே ஊத்திடுவாங்க."