ஏற்றமும் வற்றமும்

ஆறு கடலைச் சேர்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பரங்கிப்பேட்டையில் பிறந்த எனக்கு அது நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கலாகவே தோன்றுகிறது. சேலத்து மலைகளில் பிறந்துவரும் வெள்ளாறு எங்கள் ஊரில் கடலைத் தொடுகிறது. தெற்கே, காவிரியின் கிளையாகிய கொள்ளிடம் தொடுகிறது. இடையே உப்பங்கழிகள் வலைபோல் பின்னிக் கிடக்க, பிச்சாவரத்துக் காடு நிற்கிறது. நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறும், இருமுறை வற்றும். மழைக்காலத்தில் நன்னீர் ஓங்கும். கோடையில் உப்பு ஓங்கும். கழியும் கானலுமாகப் புலவர்கள் பாடிய நெய்தல் நிலம் இதுவே.

வற்றத்தில் வெளிப்படும் சேற்றைச் சிறுவயதில் நான் அருவருத்தேன். “இந்தச் சேறு இல்லையென்றால் நம் வீட்டுச் சட்டியில் மீன் இல்லை, தம்பி” என்பார் வாப்பா. பின்னரே கண் திறந்தது. அச்சேற்றில்தான் மீன் துள்ளித் திரிகிறது; ஒரு கை மட்டும் பெருத்த நண்டு வளை தோண்டுகிறது. வெண்கண்டல் மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. சுரபுன்னை தாங்குவேர்களை ஊன்றி நிற்கிறது. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் இங்குண்டு. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் இவ்வேர்களிடையே வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே செல்கின்றன.

ஆயினும் எங்கள் அடுப்பில் எரிந்தது இக்காட்டு விறகே. அதை நினைக்குந்தோறும் உள்ளம் கூசுகிறது. அடுப்புகளைவிடப் பெருங்கேடு, ஆங்கிலேயர் காலந்தொட்டுப் பகுதி பகுதியாக நடந்த முழுவெட்டு. வெயில் பட்ட மண் காய்ந்து தாழ்ந்து குழியாயிற்று. ஏறிய நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பு முற்றியது. எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, நீர் வந்துபோக வழி செய்தன, கன்றுகளும் நட்டன. காடு மீண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் பின்னிருந்த சில குடியிருப்புகள் பெரிதும் தப்பின. 2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு மட்டும் காட்டைக் காவாது. மேலே ஆற்றுநீர் குறைந்தால் கீழே உப்பு மிகும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கழி மூச்சு முட்டும். வாப்பா இன்று இல்லை. வற்றத்தின்போது கரையில் நிற்கையில் அவர் சொல் நினைவுக்கு வருகிறது. நீர் ஏறவும் வழி வேண்டும். வற்றவும் வழி வேண்டும். இரண்டில் ஒன்றை அடைத்தாலும் கழிமுகம் மாண்டுபோகும்.