இருபது ஓவர், இருபது குரல்

 

"நாள் முழுக்க போனில் கிரிக்கெட் கதைச்சுக் கதைச்சே இந்தப் பொடியன்மார் வீணாப் போறாங்க" என்று பெற்றார் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். போன வாரமும் ஒரு வாப்பா சொன்னார். அவரோடு வாதாடவில்லை. ஆனால் எங்களிடம் சொல்வதற்கு ஒரு விசயம் இருக்கிறது. நானும் மனைவியும் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில் எங்கள் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அப்போது அவனுக்கு ஏழு வயது. கிழக்கிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. ஜூலையில்தான் கியூஆர் முறை வந்தது. மருந்துக்கும் தட்டுப்பாடு. சிகிச்சை இலவசம்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எட்டு ஒன்பது மணித்தியாலப் பயணம், தங்குவதற்கு ஓர் அறை, வெளியில் செய்யவேண்டிய சில பரிசோதனைகள், சம்பளமில்லாத லீவு என்று இரண்டு ஆசிரியர்களின் சேமிப்பு இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது.

நான் ஒரு கிரிக்கெட் ரசிகர் குழுவில் இருந்தேன். இலங்கை அணியை வைத்து இரவு பகலாகச் சண்டை பிடிக்கிற, தமிழில் எழுதுகிற ஒரு முகநூல் குழு. யாழ்ப்பாணம், ஹட்டன், புத்தளம், மட்டக்களப்பு, கட்டார் என்று எங்கெங்கோ இருப்பவர்கள். யாரும் யாரையும் நேரில் கண்டதில்லை. வழமையாக ஸ்கோர் போடுகிற ஆள் ஒரு வாரமாகக் காணவில்லையே என்று அட்மின் தம்பி உள்பெட்டியில் கேட்டார். விசயத்தைச் சொன்னோம். "சேர், ரெண்டு நாள் தாங்க" என்றார்.

அந்த இரண்டு நாளில் அவர்கள் செய்ததைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்கிறோம்.

முதலில், கொழும்பில் இருக்கும் இரண்டு உறுப்பினர்கள் நேரில் வந்து எங்களைச் சந்தித்தார்கள். ஒருவர் வத்தளையில் வேலை செய்யும் மலையகத் தம்பி, மற்றவர் தெஹிவளை நானா ஒருவர். "சந்தேகப்பட்டு வரேல்ல சேர். நாளைக்கு யாராவது கேட்டா நாங்க பாத்தோம் எண்டு சொல்லணும்" என்றார்கள். பிள்ளைகளின் படத்தைப் போட்டுக் காசு சேர்த்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிற காலத்தில் அது எங்களுக்குச் சரியாகவே பட்டது.

இரண்டாவது, மகனின் படத்தையோ பெயரையோ அவர்கள் கேட்கவில்லை. "எங்கட குழுவில உள்ள ஒருவரின் பிள்ளை" என்று மட்டும் எழுதினார்கள். படம் போட்டால் காசு கூடச் சேரும் என்று ஒருவர் சொன்னபோது, "பிள்ளை பெருசாகி இதைப் பார்க்கிற நாளையும் யோசியுங்க" என்று அட்மின் பதில் எழுதினார். முடி கொட்டி, முகம் வீங்கிப்போன எங்கள் பிள்ளையின் முகம் யாருடைய போனிலும் இல்லை. அந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மூன்றாவது, எவ்வளவு தேவை என்று எங்களிடம் எழுதி வாங்கினார்கள். அந்தத் தொகை சேர்ந்த அன்றே வசூலை மூடினார்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டும் குழுவில் போடப்பட்டது. நூறு ரூபா தந்தவரின் பெயரும் இல்லை, பத்தாயிரம் தந்தவரின் பெயரும் இல்லை.

காசை விடப் பெரிய உதவி இரத்தம். கீமோ மருந்து நோய்க் கலங்களோடு நல்ல கலங்களையும் குறைத்துவிடும். குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்தால் மூக்கிலிருந்து வருகிற இரத்தம்கூட நிற்காது. சிறுதட்டுக்களைச் சேமித்து வைக்கக்கூடியது ஐந்து நாள் அளவில்தான். ஆகவே யாரோ ஒருவர் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் நாட்டில் இரத்தம் விற்பதுமில்லை, வாங்குவதுமில்லை. முழுக்க முழுக்கத் தானமாக வருவது. குழுவில் ஒரு பட்டியல் போட்டார்கள், பட்டிங் ஓடர் மாதிரியே, யார் எந்த வாரம் என்று. பெற்றோல் இல்லாத நாளில் மொரட்டுவையிலிருந்து நாரஹேன்பிட்ட இரத்த வங்கிக்கு ஒரு பொடியன் சைக்கிளில் போனான். அவர்கள் கொடுத்தது எங்கள் மகனுக்குத்தான் ஏறியதா, தெரியாது. எந்தப் பிள்ளைக்கோ ஏறியிருக்கும்.

செப்டெம்பர் 11, ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி டுபாயில். முதல் போட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 105 ஓட்டங்களுக்குச் சுருண்ட அதே அணி. அன்று மகனுக்குக் காய்ச்சல். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருந்ததால் காய்ச்சல் என்றாலே ஆபத்து. அவனும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. 58க்கு 5 விக்கெட் போன பிறகு பானுக ராஜபக்ஷ ஆட்டமிழக்காமல் 71 அடித்ததும், 170 எடுத்துப் பாகிஸ்தானை 147க்குள் சுருட்டியதும் மறுநாள்தான் தெரியும்.

காய்ச்சல் இறங்கிய பிறகு போனில் இருபது குரல் பதிவுகள் வந்திருந்தன. பாகிஸ்தான் ஆடிய இருபது ஓவர்களையும் ஆளுக்கு ஓர் ஓவராகப் பிரித்து, நேர்முக வர்ணனை போலப் பேசி அனுப்பியிருந்தார்கள். ஒன்று யாழ்ப்பாணத் தமிழ், ஒன்று தோட்டத்துத் தமிழ், ஒன்று எங்கள் ஊர்த் தமிழ். ஒரு சிங்களச் சகோதரர் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் பேசியிருந்தார். ஹசரங்க ஒரே ஓவரில் மூன்று விக்கெட் எடுத்த 17ஆவது ஓவரை மகன் எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று கணக்கில்லை. அடுத்த கட்டில் பிள்ளையும் கேட்டான். அவன் குருநாகல் பக்கம். தமிழ் தெரியாது. "அவுட்" என்ற சொல் வந்தால் இருவரும் ஒன்றாகக் கை தட்டுவார்கள்.

அந்தப் பிள்ளை அடுத்த ஜனவரியில் மௌத்தாகிவிட்டான். அவனுடைய அம்மா வீட்டுக்குப் போகும்போது எங்கள் மகனின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். குழு சேர்த்த காசில் மீதி இருந்ததை என்ன செய்வது என்று கேட்டபோது, அந்தக் குடும்பம் பட்ட கடனுக்குக் கொடுக்கச் சொன்னோம். ஒருவர்கூட மறுக்கவில்லை.

இங்கிலாந்தில் பிராட்லி லோவரி என்று ஒரு சிறுவன் இருந்தான். சண்டர்லாந்து கால்பந்துக் கழகத்தின் ரசிகன். நரம்புக் கலங்களில் வரும் ஒரு புற்றுநோய். அவனுடைய சிகிச்சைக்கு ரசிகர்களும் பொதுமக்களும் 7 இலட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தார்கள். அதில் 2 இலட்சம் எதிரணியான எவர்டன் கழகம் தந்தது. அவனுக்கு ஐந்து வயது என்பதால் அந்தப் போட்டியின் ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு பக்க ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள். ஆனாலும் 2017 ஜூலை 7ஆம் திகதி, ஆறு வயதில் அவன் போய்விட்டான். அவன் பெயரில் பெற்றோர் தொடங்கிய அமைப்பு இன்றும் வேறு பிள்ளைகளுக்கு உதவுகிறது.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், உதவி செய்தால் பிள்ளை பிழைத்துவிடும் என்று யாரும் எழுதித் தர முடியாது. ஷிஃபா அல்லாஹ்வின் கையில். வைத்தியர்களும் தாதியரும் தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். ஏனைய மனிதர்களால் முடிந்தது, அந்தப் பெற்றோரைத் தனியே விடாமல் இருப்பது. தோற்கிற அணியை வருடக்கணக்காக விட்டுப் போகாமல் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

மகனுக்கு மருந்துகள் முடிந்துவிட்டன. இப்போது கிளினிக் மட்டும்தான். ஐந்தாம் ஆண்டு படிக்கிறான், கணிதத்தை விட ஸ்கோர் கணக்கில் கெட்டிக்காரன். ஒவ்வொரு கிளினிக் நாளிலும் எங்களுக்குப் பயம் இருக்கிறது. குழுவில் ஒருவர் மறக்காமல் "என்ன சேர், ரிசல்ட்?" என்று கேட்கிறார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். 18 முதல் 60 வயதுக்குள், 50 கிலோவுக்கு மேல், சுகமாக இருக்கிறீர்கள் என்றால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுங்கள். உங்கள் ஊர் விளையாட்டுக் கழகம், ரசிகர் குழு எதுவானாலும் ஒரு பட்டியல் போடுங்கள். உதவி கேட்டு வரும் பதிவை விசாரித்துவிட்டுப் பகிருங்கள். பிள்ளையின் முகத்தை மறையுங்கள். எங்கள் மகனுக்கும், அவனோடு இருந்த எல்லாப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் துஆச் செய்யுங்கள்.